ஏரிக்கரையில் உருவிய ரோல்

எல்லையில் சண்டை நடந்த வருஷம். என் வீட்டுக்காரருக்கு ராணுவ டாங்கி செய்யும் ஃபேக்டரியில் வேலை, ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். கேமராவோடு யார் சுற்றினாலும் சொல்லிவிட வேண்டும் என்று உத்தரவு.

அப்போதுதான் ஒரு போட்டோக்காரர் ஏரிக்கரைக்கு வந்தார். ஒல்லியான உடம்பு, கசங்கிய ஜிப்பா. கேமராவை மடியில் வைத்துக்கொண்டு காலை முழுக்கத் தண்ணீரையே பார்ப்பார். ஒரே தடவை அழுத்துவார், எழுந்து போய்விடுவார். மூன்று நாளும் இதே கதை. போட்டோ எடுக்க வந்தவர் எடுக்காமல் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

நாலாம் நாள் நானே போய்க் கேட்டேன்.

"யோவ், இன்னாய்யா வேவு பாத்துகினு கீற?"

"ஜப்பான்ல ஜென்னுன்னு ஒண்ணு இருக்கும்மா. மனசு அடங்குற வரைக்கும் பாக்கணும். அப்புறம்தான் எடுக்கணும்."

"அந்த ஜப்பான்லயே போய் அடக்கேன்! எங்க ஏரியாண்ட இன்னா வேல?"

ஃபேக்டரி படம் உள்ளே இருக்குமென்று கேமராவைப் பிடுங்கினேன். மூடியைத் திறந்து, நல்ல வெயிலில் ஃபிலிம் ரோலை முழம் முழமாக உருவிப் பார்த்தேன். ஒரு படமும் தெரியவில்லை.

"மூணு நாளும் அதுலதாம்மா இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். மறுபடி தண்ணீரைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

வெளிச்சம் பட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று சாயங்காலம் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. நான் புகார் கொடுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் வேவுகாரர் இல்லையென்று நம்பியிருப்பேன். திட்டாத மனுஷனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?