அணில் வரும்வரை பேசியவன்

விலங்கு காட்டும் தொழிலில் விலங்கு மட்டும் நம் கையில் இல்லை. விருந்தினரை அழைத்துப் போய் வெறும் மரத்தைக் காட்டிவிட்டுத் திரும்பியவர்களுக்கு இது புரியும்.

எண்பதுகளில் ஏற்காட்டு லாட்ஜ் ஒன்றில் நான் வழிகாட்டி. வெப்பமண்டலக் காடுகளைப் பற்றிக் கையில் கிடைத்த புத்தகம் எல்லாம் படித்திருந்தேன். எனக்குப் போட்டி செம்மநத்தம் பெரியசாமி. காப்பி எஸ்டேட்டில் நிழல்மரக் கிளை கழிப்பவர். வேலை இல்லாத நாளில் அவரும் ஆள் கூட்டிப் போவார். ஒரு கல்லூரிப் பேராசிரியர், வருஷா வருஷம் மாணவர்களை அழைத்து வர நிரந்தரமாக ஒரு வழிகாட்டி வேண்டுமென்று இருவரையும் இரண்டு நாள் சோதிக்க வந்தார்.

பாறைமேல் காப்பிக்கொட்டை

முதல் நாள் பாறை ஒன்றில் மரநாயின் எச்சம், முழுக் காப்பிக்கொட்டைகளோடு. பழத்தைத் தின்னும், கொட்டை செரிக்காது, பகலில் பொந்தில் உறங்கும் என்று கால்மணி நேரம் விளக்கினேன். பெரியசாமி குனிந்து பார்த்தார். "ஈரம் காயலைங்க" என்று என் தலைக்கு மேலிருந்த பொந்தைக் காட்டினார். அதிலிருந்து வால் தொங்கியது.

பேராசிரியர் சொன்னார்: "நீங்க சொன்னதெல்லாம் சரிதான் சார். கொஞ்சம் நகருங்க, மறைக்குது."

சருகு வீடு

மறுநாள் மலையணில். கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு கூட்டை இரண்டு வாரமாக ரகசியமாக வைத்திருந்தேன். தரைக்கு அபூர்வமாகவே இறங்கும், கிளைக்குக் கிளை தாவும், ஓர் அணிலுக்குப் பல கூடுகள் உண்டு என்று எல்லாம் சொன்னேன். ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்ததே தவிர அணில் வரவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டுப் பெரியசாமியைக் கேட்டேன்.

"அது பழைய ஊடுங்க. இலை சருகாயிருச்சு பாருங்க. பச்சை இலை வெச்சுக் கட்டினது அந்தப் பக்கம் இருக்குது."

"முதல்லயே சொல்லக்கூடாதா?"

"நீங்க நொம்ப அழகாப் பேசிட்டிருந்தீங்க."

விட்டுவைத்த கிளைகள்

பச்சைக் கூட்டருகே பத்தே நிமிடத்தில் அணில் வந்தது, பின்னங்காலில் தலைகீழாகத் தொங்கிப் பழம் தின்றது. கிளை கழிக்கும்போது கூடுள்ள மரத்தையும், அது தாவிப் போகும் கிளைகளையும் பெரியசாமி வெட்டாமல் விடுவாராம். நான் படித்து அறிந்த பாதையை அவர் விட்டுவைத்திருந்தார். வேலை அவருக்கே போனது. வயிறு எரிய நின்றிருந்த என்னைக் காட்டி, அவர் பேராசிரியரிடம் சொன்னார்:

"அவரும் வரட்டுங்க. அணிலு வர்ற வரைக்கும் பசங்ககிட்ட யாராச்சும் பேசோணுமுங்கல்ல."

அடுத்த ஏழு வருஷமும் அணில் வரும்வரை பேசியது நான், வந்ததும் மாணவர்கள் நன்றி சொன்னது அவருக்கு.