லெமினேட் செய்த பிரெய்ல்

திறப்பு விழாவுக்கு அதிகாரிகள் வந்திருந்தார்கள், ஹோட்டல்காரர்கள் வந்திருந்தார்கள், என் அம்மாவும் புதுச் சேலையில் வந்திருந்தார். பழம்பொருள்களுக்குப் பக்கத்தில் பிரெய்ல் அட்டைகள் வைத்துவிட்டதால் கண்டியிலுள்ள எங்கள் சிறிய நூதனசாலை இனி எல்லோருக்குமானது என்று நான் நீளமாகப் பேசினேன். பார்வையற்றவர் ஒருவரும் வரவில்லை. அழைக்க எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் குண்டசாலையிலிருந்து ஓர் அம்மா வெள்ளைப் பிரம்போடும் கணவரோடும் வந்தார். பேசுகிறவர் பக்கம் முகத்தையல்ல, காதைத் திருப்புவார். கணவரை வாசல் கதிரையில் இருத்தினார்.

"எப்பவும் இவர் வாசிச்சுத்தான் கேக்குறேன். இன்னிக்கு நானே வாசிக்கிறேன்."

பிரெய்ல் அட்டையில் விரலை ஓட்டினார். மறுபடி ஓட்டினார்.

"தம்பி, இது மேசையா?"

"அட்டைதான்மா. ஈரம் படாம லெமினேட் பண்ணியிருக்கேன்."

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். என் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் என் அம்மா லெமினேட் செய்துதான் வைத்திருக்கிறார். அந்தச் சூட்டில் பிரெய்ல் புள்ளிகள் நசுங்கிவிடும் என்று யோசிக்கவேயில்லை.

"நான் வாசிச்சுக் காட்டட்டுமாம்மா?"

"அதுக்குத்தான் வாசல்ல ஒருத்தர் இருக்காரே" என்று சிரித்தார்.

அது கோபமா, கேலியா என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. டிக்கெட் காசைத் திருப்பி நீட்டினேன், வாங்கவில்லை. ஒரு வரிகூட வாசிக்காமல் திரும்ப, பஸ்ஸும் டிக்கெட்டுமாக அவர்களுக்கு ஆன செலவு நானூறு ரூபாய்.