பாசி நடவு

வேதாரண்யம் பக்கம் ஓர் உப்பளத்தில் ஒரு கோடை முழுக்க வேலை பார்த்தேன். அதற்கு முன் கும்பகோணத்தில் ஓட்டலில் பாத்திரம் கழுவினேன். அங்கே கை வெந்தது, இங்கே கால் வெடித்தது. வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறினால் முதலில் எரியும். பிறகு கால் நம்முடையது இல்லை என்பதுபோல் ஆகிவிடும்.

அந்த வருடம் உப்பளத்தைப் புதிதாகக் குத்தகைக்கு எடுத்தவர் நன்னிலம் பக்கத்து விவசாயி. நெல்லைத் தவிர எதையும் விளைவித்தவர் இல்லை. ஆற்றுத் தண்ணீரை நம்பி அலுத்துப்போய், கடல் வற்றாது என்று வந்திருந்தார். மழைக்குள் உப்பு எடுக்கவில்லை என்றால் ஊரில் பாதி நிலத்தை விற்க வேண்டும் என்று அவரே எங்களிடம் சொன்னார், குழம்பில் காரம் குறைவு என்று சொல்வதுபோல.

கடல் தண்ணீரைத் தேக்கும் பாத்திகள் காலியாகக் கிடந்தன. தரையெல்லாம் பாசி. விரல் தடிமனில், ரப்பர் விரிப்பு மாதிரி. மேலே பச்சை, கிழித்தால் ஊதா, அதற்கும் கீழே கறுப்பு, அழுகிய முட்டை வாடை. அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"நாத்தங்கால்ல பாசி புடிச்சா நாத்து மெதந்துரும். மொத்தத்தையும் வழிச்சி எறிங்க."

"உப்பு மெதக்காது மொதலாளி," என்றான் எங்களில் ஒருவன்.

"நீ மொதல்ல வழி."

வழித்தோம். மூலைப் பாத்தி மட்டும் தப்பியது. எங்களுக்குச் சோறாக்கும் அக்கா அங்கே பாசிமேல் வலையை விரித்து மீன் காயவைத்திருந்தார். மண்வெட்டியோடு போனவனை, "இங்க கால வச்சே, ராத்திரி சோத்துக்கு வராத" என்று விரட்டிவிட்டார்.

கடல் தண்ணீரைத் திறந்தோம். மறுநாள் வற்றியிருந்தது. மீண்டும் திறந்தோம், மீண்டும் வற்றியது. வயலில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் வரப்பில் நண்டு வளை இருக்கும். ஆகவே அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பு வரப்பாகக் குனிந்து நண்டு வளை தேடினார். கண்டதையெல்லாம் அடைத்தோம். நண்டுகளுக்குத்தான் வேலை கூடியது.

மீன் காய்ந்து முடிந்ததும் மூலைப் பாத்தியிலும் தண்ணீர் விட்டோம். அதில் மட்டும் நின்றது.

அவர் அதில் இறங்கிப் பாசியில் ஒரு துண்டைப் பெயர்த்தார். அடியில் மணல் ஏடு ஏடாக ஒட்டிக்கொண்டு வந்தது. அலை கொண்டுவரும் மணலையும் சேற்றையும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இழை இழையாகப் பிடித்துவைத்து, அதன்மேல் மறுபடி வளர்ந்து, இப்படித்தான் கரையோரத்துத் தரையைக் கட்டுகின்றன என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்குப் புரிந்தது ஒன்றுதான். நாங்கள் வழித்துக் கொட்டியது பாத்தியின் தரை. அந்தக் குவியல் வெயிலில் அப்பளமாகச் சுருண்டு, பொடிந்து, காற்றில் போய்க்கொண்டிருந்தது.

அவர் மூலைப் பாத்தியின் ஓரத்துப் பாசியைச் சிறு துண்டுகளாகப் பிய்த்துக் கூடையில் வைத்துக்கொண்டு பக்கத்துப் பாத்தியில் இறங்கினார். குனிந்து, பின்னால் நகர்ந்தபடி, ஒவ்வொன்றாக ஈர மணலில் அழுத்தினார். நடவு. வேறு எப்படிச் செய்வது என்று அவருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது.

"வரிசை கோணுது மொதலாளி," என்றார் அக்கா கரையிலிருந்து.

"கரையில நின்னா எல்லாம் கோணத்தான் செய்யும். எறங்குங்க."

இறங்கினார்.

தண்ணீர் விட்டதும் பாதி மிதந்து போனது. மீதி பிடித்தது, மெல்ல, வட்ட வட்டமாக. வட்டங்கள் ஒன்றையொன்று தொடுவதற்குள் மழை வந்துவிட்டது. மூலைப் பாத்தித் தண்ணீரில் விளைந்ததுதான் அந்த வருடத்து உப்பு. ஊரில் அவர் நிலத்தில் பாதி விலைபோனது.

பையைத் தூக்கிக்கொண்டு நான் சொல்லிக்கொள்ளப் போனபோது, அவர் மழைத் தண்ணீருக்குள் கைவிட்டுப் பாசியை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குறுவ போயிடிச்சி தம்பி," என்றார். "அடுத்த போகம் தாளடி, பாப்போம்."