வாடிப்பட்டி வீட்டின் மூன்று மீட்டர்கள்

மெல்போர்னில் வீட்டின் விலையை வீட்டுக்காரனிடம் கேட்பதில்லை. கைப்பேசியில் தெருப் பெயரைத் தட்டினால் போதும். விற்கவே நினைக்காதவன் வீட்டுக்கும் ஒரு விலை வந்து நிற்கிறது. என் மகன் செந்தில் காலையில் காப்பி குடித்துக்கொண்டே அக்கம்பக்கத்து வீடுகளின் விலையைப் பார்க்கிறான், ஊரில் நீங்கள் ராசிபலன் பார்ப்பதைப்போல. இதற்கென்று படித்துச் சம்பளம் வாங்குகிறவர்கள் வேறு இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு ஸ்டீவ் அப்படி ஒருவன். எந்த வட்டாரத்தில் வீடு என்ன விலை போகும், எந்த வீடு எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று கம்ப்யூட்டரில் ‘மாடல்’ போடுவது அவன் வேலை. அதுவும் பல்கலைக்கழகத்தில்!

நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவன். வாடிப்பட்டியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்து, எழுமலைக்காரர்களையும் என்னைத் தேடி வரவைத்தவன். ஓடுகிற மோட்டாரின்மேல் உள்ளங்கையை வைத்தே எவ்வளவு இழுக்கிறது என்று சொல்லிவிடுவேன். மனை விலைக்கும் எனக்கு மாடல் வேண்டாம். தண்ணீர் எத்தனை அடியில், பாதை யாருடையது, பக்கத்து மனைக்காரன் வம்புக்காரனா என்று மூன்று கேள்வி கேட்டால் முடிந்தது. அப்படிப் பார்த்து வாங்கிய இடத்தில் பஸ் ரோட்டின்மேலேயே மூன்று தளம் எழுப்பினேன். இங்குள்ள பலகை வீடுகளில் நான்கைந்தை அதற்குள் அடைக்கலாம். பால் காய்ச்சிய மாதமே செந்தில் என்னை இங்கே அழைத்து வந்துவிட்டான்.

இப்போது அதை விற்று இங்கே பெரிய வீடு வாங்க வேண்டும் என்று நிற்கிறான். என் மனத்தை மாற்றத்தான் போன ஞாயிறு ஸ்டீவைத் தேநீருக்கு அழைத்தான். ஸ்டீவ் முதலில் கேட்டதே கரண்ட் பில். மூன்று பில்லையும் காட்டினேன். மூன்றிலும் கட்ட வேண்டியது சைபர். அவன் முகம் வாடிவிட்டது.

“மூன்று ஏழைக் குடும்பங்களா?” என்றான்.

சிரித்தே விட்டேன். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்றால், தளத்துக்கு ஒரு மீட்டர் வைக்காதவன் எங்கள் ஊரில் உண்டா? இது தெரியாமல் ஒரு மாடல்!

செந்தில் விடவில்லை. வீடு நான்கு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டான்.

“அப்படியா? காலி வீடுகளை நாங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிடுவோம்” என்றான் ஸ்டீவ், கப்பில் விழுந்த ஈயை எடுத்துப் போடுவதுபோல.

“பாத்தீங்களாப்பா? ஆளே இல்லாத வீடு. வித்துருவோம்.”

“அவன் எடுத்துட்டா என் வீடு இல்லைன்னு ஆயிருமாடா?”

அப்போதே ஊருக்குப் போன் போட்டேன். சாவி என் தங்கை கணவர் முருகேசனிடம் இருக்கிறது.

“மாப்ள, மூணு மாடியிலயும் லைட்டு, ஃபேன், ஏசி அம்புட்டையும் போட்டு விடு. பில்லு வரட்டும்.”

“ஏசி யாருக்கு மச்சான், பல்லிக்கா?”

“பல்லிக்குன்னே வச்சுக்க. ஓடணும்.”

செந்திலிடம் விற்கப் போவதில்லை என்று சொல்லியாயிற்று. அவன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மருமகள் எரியவிட்டுப் போகும் விளக்குகளை ஒவ்வோர் அறையாகப் போய் அணைத்து, ஹீட்டரையும் நிறுத்திவிட்டு, கம்பளிக்குள் உட்கார்ந்து முருகேசன் அனுப்பிய வீடியோவைப் பார்க்கிறேன். வாடிப்பட்டியில் என் கட்டிலுக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது. கடையிலிருந்து வந்த மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் யாரும் பிரிக்கவில்லை. அது மட்டும் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது.