அப்பா பாடமாக்கிய அப்புக்காத்து

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வழக்கறிஞராக இருந்து அரசியலுக்குப் போன ஒருவரின் வாழ்க்கையை, வகுப்பில் எல்லோர் முன்னாலும் நின்று சொல்லும் வேலையை ஆசிரியை என் தலையில் கட்டிவிட்டார். பிரெஞ்சில் எக்ஸ்போஸே என்று அதற்குப் பெயர். அந்த மனிதரின் பெயர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் நுழையவில்லை. வழக்கறிஞருக்கு எங்கள் ஊரில் வழங்கும் சொல்லால், அப்பா அவரை ‘உன்ரை அப்புக்காத்து’ என்றே சொன்னார்.

நான் அதைச் சொல்லவேண்டிய வியாழக்கிழமை காலையில்தான் அப்பாவுக்கும் விசாரணை. அவர் சொன்னதை நம்பாமல் அவருடைய அகதி விண்ணப்பத்தை ஒருமுறை மறுத்துவிட்டார்கள், இது மேன்முறையீடு. இதுவும் தவறினால் லாசப்பலில் நாங்கள் இருந்த ஒற்றை அறையும் என் பள்ளிக்கூடமும் நமக்கில்லை என்று அம்மா சொல்லியிருந்தார். எனக்கோ வகுப்பில் நாக்குக் குழறிவிடுமோ என்பதுதான் பெரிய பயம்.

ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவும் அப்பா, வேலை முடிந்து வந்தால் சட்டைகூட மாற்றாமல் என் எதிரே உட்கார்ந்துவிடுவார். அப்புக்காத்து எங்கே பிறந்தார், யாரிடம் சட்டம் படித்தார், எந்தத் தேர்தலில் தோற்றார் என்று துருவுவார். ஆசிரியைகூட அவ்வளவு கேட்டிருக்க மாட்டார்.

“ஏன் ஊரை விட்டு வெளிக்கிட்டவர்?”

“அங்கை வழக்குக் கிடைக்கேல்லையாக்கும்.”

“ஆக்கும் எண்டு சொல்லாதை. தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லு. நேற்று ஒண்டு இண்டைக்கு ஒண்டு சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டினம்.”

“பிள்ளையை விடுங்கோவன்” என்றார் அம்மா. அப்பா விடவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் என் மதிப்பெண்ணுக்காக இப்படித் தவிக்கிறாரே என்று உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

வியாழன் காலை, அப்பா சித்தப்பாவிடம் இரவல் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு, விசாரணைக்குப் போகும் வழியில் என்னைப் பள்ளிக்கூடம் வரை கூட்டிவந்தார். ரயில் பாதைக்கு மேலே போகும் பாலத்தில், அத்தனை நாள் பட்ட பாட்டுக்குச் சின்னப் பழிவாங்கலாக, “இப்ப நீங்கள் சொல்லுங்கோ, நான் கேக்கிறன்” என்றேன்.

சொன்னார். பிறந்த பண்ணையிலிருந்து கடைசியில் பதவி இழந்தது வரை ஒன்றும் பிசகவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விடக்கூடாது என்று அவரைப் போலவே குரலைக் கடுமையாக்கிக்கொண்டேன்.

“ஏன் ஊரை விட்டு வெளிக்கிட்டவர்?”

அப்பா நின்றுவிட்டார். பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“வழக்குக் கிடைக்கேல்லை அப்பா. மறந்துபோட்டீங்கள்” என்று எடுத்துக்கொடுத்தேன்.

“ஓம் பிள்ளை” என்றார்.

இவ்வளவு சுலபமான விடையையே மறந்துவிட்டார், இவர் விசாரணையில் போய் என்னத்தைச் சொல்லப் போகிறார் என்று எண்ணிக்கொண்டே வகுப்புக்கு ஓடினேன்.