பள்ளிப் பிள்ளைகளின் போர்ட்டே போதும் என்றோம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. முன்பின் மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

என் கணவர் மௌத்தாகி, விதவையானவள் வீட்டோடு இருக்கும் இத்தாவை நான் இருந்த மாதங்கள் அவை. வீட்டை விட்டு இறங்க முடியாது. வெளி ஆண்கள் வந்தால் திரைக்குப் பின்னால்தான். அவருக்காக ஒவ்வொரு நாளும் என் வாயால் குர்ஆனின் யாஸீன் அத்தியாயம் ஓத வேண்டுமென்று மனதில் நிய்யத்து வைத்திருந்தேன். பெரிய எழுத்துக் குர்ஆனைத் தூக்கிப் பிடிக்க மணிக்கட்டு விடவில்லை. மகளின் போனில் ஓதினால், ஓதும் ஆயத்து வரிகளுக்கு நடுவே விளம்பரத்தில் அரைகுறை உடுப்போடு ஒருத்தி ஷாம்பு விற்க வந்தாள். போனைக் கட்டிலில் எறிந்தே விட்டேன்.

"உம்மா, நான் ஒண்டு செஞ்சி தாறன்," என்றாள் மகள்.

கையில் அடங்கும் ஒரு பெட்டி. தொட்டால் பக்கம் புரளும். ஓதுவதைத் தவிர வேறெதுவும் அதில் வராது. அதற்கு உள்ளங்கையளவு கம்பியூட்டர் வேண்டுமாம், போர்ட் என்றாள். லினக்ஸ் என்ற ஒன்றில் ஓடுமாம். அவளுக்கும் அது புதிது. அதனால் பள்ளிப் பிள்ளைகள் பழகுகிற போர்ட் ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தாள். தொடுதிரையை அப்படியே கொழுவலாம், பற்றரி தாங்கும், தடக்கினால் வழி சொல்ல உலகமெல்லாம் ஆட்கள் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றாள்.

வாங்கும் வேலை மருமகனுடையது. அவர் கல்முனையில் கடை வைத்திருக்கும் கூட்டாளியை வீட்டுக்கே கூட்டி வந்தார்.

"மச்சான், அது சின்னப் புள்ளயள்ற விளையாட்டுச் சாமான். இது நாலு மடங்கு பலம்," என்று கையோடு கொண்டுவந்த வேறொரு போர்ட்டைக் காட்டினார் கடைக்காரர்.

"எனக்கு அந்தச் சின்னதுதான் வேணும்," என்றாள் மகள்.

"நீ போய்த் தேத்தண்ணி ஊத்துகா," என்றார் மருமகன்.

பிற ஆண்களோடு கதைத்துப் பழக்கமில்லாத நான் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டேன்: "தம்பி, விரலால தொட்டா அதுக்கு வெளங்குமா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். "மாமி, இதால ரொக்கட்டே உடலாம்!" என்றார் கடைக்காரர்.

மருமகன் அதையே வாங்கினார். அந்த ரொக்கட் விடும் போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள் மகள். யாஸீன் வந்தது. தொட்டேன். அசையவில்லை. அழுத்தினேன், தட்டினேன். கல். மகள் இணையத்தில் வழி தேடினால் எல்லாம் சீன மொழி. அவளைப் போலவே கேட்ட ஒருவருக்கும் பதில் இல்லை. பெட்டி ரொட்டிக் கல்லாய்ச் சுட்டது. நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னமே பற்றரி செத்தது. என் இத்தா நாட்கள் யாஸீன் இல்லாமல் போய்க்கொண்டிருந்தன.

"பொறுங்க மாமி, புது அப்டேட் வரும்," என்றார் மருமகன்.

பெட்டியை அவர் மடியில் வைத்தேன். "மகன், மௌத்தாகின ஒங்களப் பெத்த வாப்பாக்கு நீங்க இதுல ஒரு யாஸீன் ஓதிக் காட்டுங்க. மறுகா நான் பொறுக்கன்."

தொட்டுப் பார்த்தார். இன்னொரு விரலாலும் தொட்டார். சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்கு இறங்கினார். மாலை அஸர் தொழுகைக்குச் சின்னது வந்தது. மகள் அன்றிரவே அதைப் பெட்டிக்குள் பூட்டினாள்.

மறுநாள் விடியற்காலை சுபஹுத் தொழுதுவிட்டு விரல் வைத்தேன். பக்கம் புரண்டது. கடைசி ஆயத்து வரை ஓதினேன். மருமகனுக்கு நன்றி சொல்லவில்லை. ஓதாமல் போன நாட்களை யார் தருவார்? வெட்கத்தை விட்டு நான் ஒரு கேள்வி கேட்டேன். அதற்கா சிரிப்பு?

போர்ட்டைப் பற்றி எழுதியதில் பிழை இருக்கலாம். தெரிந்த யாராவது பார்த்துத் திருத்துங்கள். மகளிடம் கேட்டால் சரியாகச் சொல்வாள். மருமகனிடம் கொடுக்க வேண்டாம், இன்னும் பலமான சொல்லாகத் தேடிப் போட்டுவிடுவார்.