கடைசி வண்டி வரும்வரை

புதுச்சேரியில், உப்பளம் பகுதியில் ஒரு தெருமுனை இருக்கிறது. எது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பக்கம் பைக்கில் போகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அங்கே இரண்டு முறை ஹாரன் அடிக்காதீர்கள். ஒரு முறை அடியுங்கள், மூன்று முறை அடியுங்கள். இரண்டு மட்டும் வேண்டாம்.

சிரிக்கிறீர்களா? நெடுமாறனும் பேய் என்றால் இப்படித்தான் சிரிப்பான். ஏ.சி. மெக்கானிக். நாலாவது மாடிச் சுவரில் தொங்கிக்கொண்டு ஒற்றைக் கையால் போல்ட் முடுக்குகிற ஆள். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது. சொல்லி முடிக்கும்வரை பிடியை விடவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே தருகிறேன்.

நெடுமாறனுக்குப் பேய் பயம் கிடையாது. அவனுக்கு இருந்த பயமெல்லாம் ஹரிகிருஷ்ணன் மேல்தான்.

ஹரிகிருஷ்ணன், புதுச்சேரியிலிருந்து மலைகளுக்கு பைக் சுற்றுலா அழைத்துப் போகிறவர். கல்வராயன் மலை, ஏற்காடு, கொல்லிமலை என்று நாலு நாள். நாற்பது வயது. அளவாக வெட்டிய தாடி. குரலை உயர்த்தாத பேச்சு. போதாதா? நெடுமாறனின் மனைவி சுடர்விழி, அரியாங்குப்பத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள், சொந்தச் சம்பளத்தில் சொந்தமாக பைக் வாங்கியவள், இந்தச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றாள்.

"நானும் வரேன்" என்றான் நெடுமாறன்.

"மலைன்னா உனக்குத் தலை சுத்துமே மாமா?"

"உன் கூட வந்தா சுத்தாது."

பச்சைப் பொய். அவன் போனது மலை பார்க்க அல்ல. காவல் காக்க.

கிளம்பும் நாள். கடற்கரைச் சாலையில் விடிகிற நேரம். எட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. ஹரிகிருஷ்ணன் ஒரே ஒரு விதியை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"ரோடு பிரியற இடத்துல, முன்னாடி போற வண்டிக்கு அடுத்தவர் நிக்கணும். பின்னாடி வர்றவங்களுக்குக் கை நீட்டி வழி காட்டணும். அவர்தான் கைகாட்டி. கடைசி வண்டி வந்து ரெண்டு ஹாரன் அடிக்கும். அதுதான் உங்களுக்கு விடுதலை. கடைசி வண்டிக்குப் பின்னாடியே சேர்ந்துக்கலாம். அதுவரைக்கும் இடி விழுந்தாலும் நகரக் கூடாது. பின்னாடி வர்றவன் உயிரு கைகாட்டி கையிலதான் இருக்கு."

சுடர்விழி கலகலவென்று சிரித்தாள். "சார், எங்க வீட்டுக்காரரை மட்டும் நிறுத்திடாதீங்க. துணிக்கடை வாசல்ல எனக்காக அஞ்சு நிமிஷம் நிக்க மாட்டாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். ஹரிகிருஷ்ணனும் சிரித்தார். அந்தச் சிரிப்பு நெடுமாறனுக்குத் தொண்டையில் மீன் முள்ளாகத் தைத்தது.

முதல் நாள் முழுக்க முள் உறுத்தியது. கல்வராயன் மலையில் ஹரிகிருஷ்ணன் அவள் வண்டியின் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தார். "வளைவுல உங்க பார்வை ரொம்பச் சரியா இருக்கு மேடம்" என்றார். நெடுமாறனிடம் திரும்பி, "நீங்க பிரேக்கைக் கொஞ்சம் விடுங்க சார், பாவம் அது" என்றார். மறுபடி சிரிப்பு. ராத்திரி நெடுமாறன் சாப்பிடவில்லை. யாரும் அதைக் கவனிக்கவுமில்லை.

இரண்டாம் நாள் பிற்பகல். ஏற்காட்டுக்குப் பின்பக்கமாக ஏறும் சிறிய சாலை. பாதி மலையில் ஒரு டீக்கடை. அங்கே சுடர்விழியின் வண்டியில் கிளட்ச் கேபிள் பிய்த்துக்கொண்டது.

ஹரிகிருஷ்ணன் தன் உதவியாளன் ராஜவேலைக் கூப்பிட்டார். தனியாக அழைத்துப் போய் ஏதோ சொன்னார். பிறகு சத்தமாக, "நீ முன்னாடி எல்லாரையும் கூட்டிட்டுப் போ. கேபிள் மாத்திட்டு நான் சுடரோட வரேன்" என்றார்.

சுடரோட. நேற்றுவரை மேடம்!

"நானும் இருக்கேன்" என்றான் நெடுமாறன்.

"வேணாம் சார், மூடுபனி இறங்குது. கூட்டத்தோட போயிடுங்க."

"போ மாமா. நான் என்னா கொழந்தையா?"

போனான். கண்ணாடியில் அவர்கள் இருவரும் ஒரே வண்டியின் மேல் குனிந்திருப்பது தெரிந்தது. வளைவு வந்தது. மறைந்தார்கள்.

கொஞ்ச தூரத்தில் சாலை பிரிந்தது. இடது பக்கம் கைவிடப்பட்ட எஸ்டேட் சாலை. அதன் பாலம் மழையில் அடித்துப் போய் வருஷக்கணக்காகிறது. போனால் நேராகப் பள்ளம். வலது பக்கம்தான் தங்கும் விடுதிக்குப் போகும் வழி. மூடுபனியில் இரண்டும் ஒன்றுபோல் இருந்தன.

ராஜவேல் கை நீட்டிக் கத்தினான். "அண்ணே, நீங்க நில்லுங்க!"

நெடுமாறன் ஓரங்கட்டினான். மற்ற வண்டிகளுக்கு வலது பக்கம் கை காட்டினான். ஒவ்வொன்றாகக் கடந்தன. கடைசிச் சிவப்பு விளக்கும் பனியில் கரைந்தது.

அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

மணி மூன்று நாற்பது. செல்போனில் சிக்னல் இல்லை. தூறல் பிடித்தது. சைட் ஸ்டாண்டைச் சேற்றில் ஊன்றினான். அங்கே ஏற்கெனவே ஒரு குழி இருந்தது. ஸ்டாண்டு அதில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. யாரோ வெகுநேரம் வண்டி நிறுத்திய குழி. அதைச் சுற்றி மட்டும் புல் இல்லை.

மணி நான்கு. இன்னும் வரவில்லை. ஒரு கேபிள் மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? அவனே மெக்கானிக். பத்து நிமிஷம். இழுத்தால் பதினைந்து. மீதி நேரத்தில் என்ன செய்கிறார்கள்? மழைக்கு ஒதுங்கியிருப்பார்கள். சிரித்துக்கொண்டிருப்பார்கள். தன்னைப் பற்றித்தான் இருக்கும்...

டிக்... டிக்... டிக்...

இண்டிகேட்டர் சத்தம். குனிந்து பார்த்தான். அவன் வண்டியில் இண்டிகேட்டர் போடவில்லை.

டிக்... டிக்...

பக்கத்தில். கைக்கெட்டும் பக்கத்தில். ஆனால் பனியைத் தவிர ஒன்றும் இல்லை. பூச்சியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். மலையில் எத்தனையோ பூச்சி.

நான்கு இருபதுக்கு அவனால் முடியவில்லை. நகரக் கூடாதாம், விதியாம்! என்னை இங்கே நட்டு வைத்துவிட்டு நீ அங்கே... வண்டியைத் திருப்பினான். கீழே, டீக்கடையை நோக்கி விட்டான்.

ஒரு கணம் கண்ணாடியில் பார்த்தான். அவன் நின்ற இடத்தில் ஆரஞ்சு வெளிச்சம் ஒன்று விட்டுவிட்டு எரிந்தது.

நிற்கவில்லை. பொறாமை நிற்க விடவில்லை.

ஒரே சாலை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். எதிரே வந்தால் பார்க்காமல் இருக்க வழியே இல்லை. டீக்கடை வரை ஓர் ஈ, காக்கைகூட வரவில்லை.

டீக்கடை அம்மா பாய்லரை அணைத்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணும் தாடிக்காரரும் அப்பவே போயிட்டாங்களே தம்பி. உனக்கு எதிர்லதான் வந்திருக்கணும்?"

எதிரே வரவில்லை. அப்படியானால் எங்கேயோ ஒதுங்கியிருக்கிறார்கள். கண்டிப்பாக! இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டும் என்று மேலே முறுக்கினான்.

பிரிவு வந்தது.

யாரும் இல்லை.

மழை வலுத்திருந்தது. சாலையெல்லாம் தண்ணீர். ஆனால் அவன் வண்டி நிறுத்திய இடம்...

காய்ந்திருந்தது.

ஒரு வண்டி அளவுக்கு. நீளமாக. யாரோ அந்த நொடிதான் வண்டியை எடுத்துக்கொண்டு போனது போல.

அவன் பார்க்கப் பார்க்க, மழை அதை நனைத்தது.

விடுதி வாசலில் சுடர்விழி டீ குடித்துக்கொண்டிருந்தாள். தலை நனைந்திருந்தது. சண்டைக்குத் தயாராக வந்தவனைப் பார்த்ததும் அவளே எழுந்து ஓடி வந்தாள். அவன் ஈரக் கையைப் பிடித்தாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

"மாமா... அம்மாம் மழையில, எனக்காகவா நின்ன? மழைக்குப் பாறை மறைவுல கொஞ்ச நேரம் ஒதுங்கிட்டுத்தான் கிளம்பினோம். மேட்டுல என் வண்டி நின்னுடக் கூடாதுன்னு ஹரி சார் முன்னாடி போய் வழி பார்த்தாரு. நான்தான் கடைசி. பனியில எனக்கு ஒண்ணும் தெரியல. இடது பக்கம் திரும்பிட்டேன் தெரியுமா? நீ குறுக்க வந்து கை நீட்டலைன்னா..." அவன் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "ரெண்டு ஹாரன் அடிச்சேன். நீதானே அது?"

ஹரிகிருஷ்ணன் நெருங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "எந்த இடத்துல நின்னீங்க? நான் தாண்டும்போது அங்க யாருமே இல்லையே?"

எல்லோரும் அவனையே பார்த்தார்கள். 'நான் இல்லை' என்று சொன்னால், எங்கே போனாய் என்று கேட்பாள். உன்னை வேவு பார்க்கப் போனேன் என்று சொல்ல வேண்டும். அதுவும் இந்த ஆள் முன்னால்.

"ஓரமா நின்னேன். பனியில உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றான். அவளிடம் திரும்பினான். "ஆமா சுடரு. நான்தான்."

சுடர்விழி அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி" என்றாள். கையை விட்டுவிட்டாள்.

கொல்லிமலை முடிந்தது. ஊர் திரும்பினார்கள். அப்புறம்தான் ஆரம்பித்தது.

சுடர்விழி மாறிப்போனாள். வண்டியைத் துடைக்கும்போது வாய்க்குள் பாட்டு. காரணமில்லாத புன்சிரிப்பு. தினமும் காலை எட்டரைக்கு வேலைக்குக் கிளம்புவாள். தெருமுனையில் ஹாரன் கேட்கும். பீப்... பீப்... சரியாக இரண்டு.

"முனையில யாருக்கு ஹாரன் அடிக்கிற?"

"சும்மாதான்."

சும்மாவா? ஒருநாள் அவளுக்கு முன்னால் படியிறங்கி ஓடினான். ஹரிகிருஷ்ணன் அங்கே நின்றால் சட்டையைப் பிடிப்பதாகத் திட்டம். முனையில் இஸ்திரி வண்டி, தூங்குகிற நாய், குப்பைத் தொட்டி. வேறு யாரும் இல்லை. சுடர்விழி வந்தாள். அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவனுக்குப் பின்னால், சுவரோரமாகப் பார்த்து, ஹாரன் அடித்தாள். பீப்... பீப்...

நாய் எழுந்தது. சுவரைப் பார்த்தது. வாலை இடுக்கிக்கொண்டு ஓடியது.

அன்றைக்கு வேலைக்குப் போகாமல் நேரே ராஜவேலைத் தேடிப் போனான் நெடுமாறன்.

"உண்மையைச் சொல்லு. ஹரிக்கும் என் பொண்டாட்டிக்கும் இன்னா?"

ராஜவேல் விழித்தான். "அண்ணே! அவரு அன்னிலேர்ந்து டூரே வேணாம்னு கடையைச் சாத்திட்டாரு. ஊர்லயே இல்ல. தப்பு என்னுதுண்ணே. அந்தப் பிரிவுல மட்டும் யாரையும் நிறுத்தாதேன்னு டீக்கடையிலயே சொன்னாரு. பனியைப் பார்த்ததும் நான் மறந்துட்டேன்."

"ஏன் நிறுத்தக் கூடாது?"

"போன வருஷம் இதே மழையில நிலவன்னு ஒருத்தரை அங்க கைகாட்டியா நிறுத்தினோம். கடைசி வண்டி பாதியில ரிப்பேரு. லாரியில ஏத்தி வேற வழியாக் கொண்டாந்துட்டோம். போன்ல சொல்ல சிக்னல் இல்ல. இருட்டற வரைக்கும் வரலைன்னா அவரே கிளம்பிடுவாருன்னு நினைச்சோம்ணே. யாரா இருந்தாலும் கிளம்பியிருப்பாங்க..."

"அவரு?"

"நகரவே இல்ல. பனியில மரம் ஏத்தின லாரி ஒண்ணு வந்து அவரை இடிச்சிருக்கு. நாங்க போய்ப் பார்க்கும்போது அவரு கீழ பள்ளத்துல கெடந்தாரு. வண்டி மட்டும் ஸ்டாண்டுல அப்படியே நிக்குது. இண்டிகேட்டர் எரிஞ்சிட்டே இருந்துச்சு."

டிக்... டிக்... டிக்...

"கடைசி வரைக்கும் யாரும் அவருக்கு ஹாரன் அடிக்கலைண்ணே" என்றான் ராஜவேல்.

நெடுமாறன் வீட்டுக்கு வந்தான். இரவெல்லாம் தூங்கவில்லை. விடிந்ததும், ஹெல்மெட்டை எடுத்த சுடர்விழியின் கையைப் பிடித்து உட்கார வைத்தான். எல்லாவற்றையும் கொட்டினான். சந்தேகப்பட்டதை. இடத்தை விட்டுப் போனதை. ராஜவேல் சொன்னதை.

"அன்னிக்கு அங்க நின்னது நான் இல்ல சுடரு."

அவள் பதறவில்லை. அழவில்லை. ஹெல்மெட் வாரை நிதானமாக மாட்டினாள்.

"தெரியும்."

"தெ... தெரியுமா?"

"ஹாரன் அடிச்சதும் அவரு ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாரு. பார்த்தேன்."

"என்னா பார்த்த?"

அவள் கதவு வரை போய்த் திரும்பினாள்.

"விடுதியில உன்னைக் கேட்டேனே, நீதானேன்னு? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் பயந்து உன்னைக் கட்டிப் பிடிச்சிட்டு அழுதிருப்பேன். அத்தோட போயிருக்கும். நீ ஆமான்னுட்டே." சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்கானதாக இல்லை. "எனக்காக நீ எப்போ மாமா நின்னிருக்க?"

படியிறங்கிப் போனாள்.

நெடுமாறன் பால்கனிக்கு ஓடினான். காலை எட்டரை மணி. பளீரென்று வெயில். தெரு காலி.

முனையில் அவள் வண்டி வேகம் குறைத்தது.

பீப்... பீப்...

திரும்பி மறைந்தாள்.

தெருவில் யாரும் இல்லை.

ஒரு ஸ்டாண்டு தட்டும் சத்தம் கேட்டது.

டக்.

இன்னொரு இன்ஜின் உறுமியது... அவள் போன திசையிலேயே போனது.